கோடை நகரில் பனியைப் பற்றிய ஒரு சிந்தனை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலை நோக்கிச் செல்லும் சாலையில், ஒரகடத்தை அடைவதற்கு முன்னர் வருகின்ற ஊர் வல்லக்கோட்டை. முருகன் திருக்கோவிலால் நெடுங்காலமாக நாடறிந்த தலம் அது. திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் இவ்வூரைக் ‘கோடைநகர்’ என்று அழைத்திருக்கின்றார். அப்பெயரின் பொருளை ஆராய்வது புலவர்களின் பணி. சித்திரைத் திங்களின் நண்பகலில் இச்சாலையில் அரைக்கல் தொலைவு நடந்து பார்ப்பவர்க்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படாது. தார்ச்சாலை கானல் நீராய் மின்னும். ஏரிக்கரைப் பனைகளின் நிழல்கூடச் சுடுவது போலிருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் ஏரிகளையும், நெல்வயல்களையும், மேய்ச்சல் நிலங்களையும் கண்டோம். இன்று சாலையின் இருமருங்கிலும் ஆலைகள். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டில் செயின்ட் கோபெய்ன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் ரெனோவும் நிசானும் கூட்டாக அமைத்த கார் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகள் அங்கிருந்தே புறப்பட்டன. வல்லம்-வடகால் சிப்காட் வளாகம் வல்லக்கோட்டையின் அண்டை வீடாகவே ஆகிவிட்டது. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி, தாய்க்கோழியைச் சூழ்ந்த குஞ்சுகளைப் போல, ரப்பர், பிளாஸ்டிக், மின்கம்பி, திருகாணி என ஒவ்வொரு சிறு பொருளையும் செய்து தரும் தொழிற்கூடங்கள் பெருகியுள்ளன.

விடியற்காலையில் முறை மாறும் வேளையில் இச்சாலையில் நின்று பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலாளர் பேருந்துகள் செல்வதைக் காணலாம். திண்டிவனம், விழுப்புரம், செய்யாறு ஆகிய பகுதிகளின் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளும் அவற்றில் அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டு போகின்றார்கள். அவர்களுள் நம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும் பலர் உண்டு.

ஒரு நாள் ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின்னர், இத்தகைய இளைஞர் ஒருவர் நம்மிடம் பேசிக்கொண்டிருந்தார். கார்க் கதவுகளில் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டையைப் பொருத்துவது அவருடைய பணி. பட்டறைகளில் அதனைப் ‘பீடிங்’ என்பார்கள்.

“சுவாமி, இந்த ரப்பர் பூஜ்யத்திற்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரையும் தாங்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்கின்றார்கள். நம் ஊரில் மின்விசிறி நின்றாலே உயிர் போகின்றது. இங்கே எதற்கு இந்தக் கணக்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அதன் விடை வல்லக்கோட்டையிலிருந்து உதகைக்கும், காஷ்மீரத்திற்கும், கனடா நாட்டிற்கும் நம்மை அழைத்துச் செல்கின்றது. வாசகர்களும் நம்முடன் வருவார்களாக.

கதவுக்குள் மறைந்திருக்கும் உழைப்பு

முன்னாளில் கார்க் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுழற்றினோம். இன்று விரல் நுனியால் ஒரு சுவிட்சை அழுத்தினாற் போதும். ‘பவர் விண்டோ’ எனப்படும் இவ்வசதியின் உறுப்புகள் அனைத்தும் கதவின் உட்புறத்தில் மறைந்திருக்கின்றன. அங்கே சிறிய மோட்டார் ஒன்று உண்டு. அது சுழலும்போது மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இழுபட்டோ, கத்தரிக்கோல் போன்ற இரு கைகள் விரிந்தோ கண்ணாடியை உயர்த்தும். இந்த அமைப்பை ‘ரெகுலேட்டர்’ என்பார்கள். கண்ணாடியின் அடிப்பகுதியை ரெகுலேட்டருடன் இணைப்பவை பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் பிடிகளே. கண்ணாடியின் இரு ஓரங்களும் மேல் விளிம்பும் ரப்பர்ப் பீடிங்கின் பள்ளத்தில் பொருந்தி வழுக்கிச் செல்லும்.

அக்கண்ணாடியின் பிறப்பு வரலாறும் வியப்புக்குரியது. சுமார் 1500 டிகிரி வெப்பத்தில் மணலும் பிற பொருள்களும் உருகிக் குழம்பாகி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து தகடாகின்றன. பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடியை மறுபடியும் 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, வேகமான காற்றினால் உடனடியாகக் குளிர்வித்து வலுவூட்டுகின்றார்கள். இவ்வாறு நெருப்பில் பிறந்து நெருப்பில் வளர்ந்த கண்ணாடியை அசையவிடாமல் கட்டிப்போட ஒரு கரண்டி நீர் போதும் என்பதுதான் நாம் சொல்லவந்த செய்தி.

மழைநீரோ, கார் கழுவிய நீரோ, உருகிய பனியோ கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள மயிரிழை போன்ற இடைவெளியில் தங்கிவிடுகின்றது. இரவில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியதும் அந்நீர் உறைகின்றது. உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிவடையும். எனவே அது பள்ளம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கண்ணாடியையும் ரப்பரையும் பசை போட்டாற்போல் ஒட்டிவிடுகின்றது.

காலையில் வந்தவர் இதனை அறியாமல் சுவிட்சை அழுத்துகின்றார். மோட்டார் இழுக்கின்றது; கண்ணாடி அசைய மறுக்கின்றது. அப்போது மோட்டாரின் பாதுகாப்பு அமைப்போ ஃபியூஸோ மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் நல்லூழ். இல்லையேல் எஃகுக் கம்பி அறுபடும், அல்லது பிளாஸ்டிக் பிடி முறியும். பின்னர் பனி இளகியதும், தாங்குவாரின்றிக் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும். கொட்டும் பனியில் மூட முடியாத ஜன்னலுடன் பயணம் செய்வது எத்தகைய துன்பம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இது யாருக்கு நேரும்?

“நமக்கு இதனால் ஆவதென்ன?” என்று சிலர் நினைக்கலாம். முதலாவது, நம் தமிழகத்திலேயே உறைபனி உண்டு. மார்கழி, தைத் திங்களில் உதகை, தலைக்குந்தா, அவலாஞ்சி ஆகிய இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். சில இரவுகளில் அதற்குக் கீழும் இறங்கும். கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் காரில் உதகைக்குச் செல்லும் குடும்பத்தார், விடியற்காலையில் தம் கார் வெண்சுண்ணம் பூசியதுபோல் நிற்பதைக் கண்டு வியப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது, நம் பங்குகளிலிருந்து இராணுவத்திற்குச் சென்றிருக்கும் பிள்ளைகள் உண்டு. கார்கில் பகுதியின் திராஸ் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் பூஜ்யத்திற்குக் கீழே இருபது டிகிரியும் அதற்கு மேலும் குளிர் நிலவும்.

மூன்றாவது, கனடாவிலும், நார்வேயிலும், இங்கிலாந்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! டொரன்டோ நகரத் தமிழர்கள் 2013-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களை இன்றும் மறக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்குச் சில நாள்கள் முன்னதாக அங்கே உறைமழை பெய்தது. விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் மழை அது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்தன. டொரன்டோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அற்றுப்போயின. வீதியில் நின்ற கார்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவைபோல் பனிக்கட்டியால் மூடப்பட்டன. வெப்பமின்றிப் போன வீட்டை விட்டுப் பிள்ளைகளுடன் உறவினர் இல்லத்திற்குச் செல்ல எண்ணியவர்கள், முதலில் காரின் கதவோடும் கண்ணாடியோடும் போராட வேண்டியிருந்தது.

மேலும், இச்சாலையில் உருவாகும் கார்கள் இங்கேயே ஓடுவன அல்ல. ஒரகடத்தில் உருவான நிசான் மைக்ரா என்னும் சிறு கார் 2010 முதல் பல ஆண்டுகள் எண்ணூர்த் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றது. இருங்காட்டுக்கோட்டையின் ஐ10 கார்களும் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றன. வியர்வை வழியும் கைகளால் பொருத்தப்பட்ட ரப்பர்ப் பட்டை, வெண்பனி மூடிய ஏதோ ஒரு தெருவில் தன் கடமையைச் செய்தாக வேண்டும். அவ்விளைஞர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

குளிர் வருமுன் செய்யத்தக்கவை

உறைந்த கண்ணாடியைக் காப்பாற்றும் பணி உறைவதற்கு முன்னரே தொடங்குகின்றது. அது எளிய பணி, செலவும் சிறிது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குக் கடிதமோ தொலைபேசியோ வழியாகப் பெற்றோர் இவற்றை எடுத்துரைக்கலாம்.

கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, பீடிங்கின் பள்ளத்தில் படிந்துள்ள தூசியையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அழுக்கு நீரை உறிஞ்சித் தேக்கி வைக்கும். நன்கு உலர்ந்த பின்னர், சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் நனைத்து ரப்பரின்மீதும் பள்ளத்தினுள்ளும் மெல்லப் பூச வேண்டும். பிறகு கண்ணாடியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் அது எங்கும் பரவும். சிலிக்கான் நீரை ஒட்டவிடாது, ரப்பரையும் கெடுக்காது. வண்டிச் சக்கரத்திற்கு இடும் சாதாரண கிரீஸையோ பழைய எஞ்சின் எண்ணெயையோ பூசலாகாது. பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதச் செய்து நாளடைவில் பாழாக்கும். கதவின் ரப்பர் விளிம்புகளுக்கும் இதே சிலிக்கான் பூச்சை இட்டால் கதவும் ஒட்டிக்கொள்ளாது.

கதவின் அடிப்புறத்தில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் உண்டு. அவற்றில் மண் அடைத்திருந்தால் நீக்கிவிட வேண்டும். குளிர்நாட்டில் மாலை வேளையில் காரைக் கழுவுதல் தகாது. கழுவ நேர்ந்தால், கண்ணாடியை ஏற்றி இறக்கி, வெளிவரும் நீரைத் துடைத்து, ரப்பரையும் உலர்த்திவிட்டே நிறுத்த வேண்டும். இரவில் கூரையின் கீழ் நிறுத்துவது நலம். அதற்கு வழியில்லையேல் உறையால் மூடலாம். காலைக் கதிரவனின் ஒளி படுமாறு கிழக்கு நோக்கி நிறுத்துவதும் பயன் தரும். வானம் திறந்திருக்கும் இரவுகளில்தான் உறைபனி மிகுதியாகப் படியும் என்பதை உதகைத் தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள்.

உறைந்த பின்னர் செய்யத்தக்கவையும் தகாதவையும்

இவ்வளவும் செய்தும் கண்ணாடி உறைந்துபோனால், முதல் மருந்து பொறுமை. ஒருமுறை சுவிட்சை அழுத்திக் கண்ணாடி அசையவில்லையெனில் மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது. திறந்த வெளியில் எஞ்சினை இயக்கி, காரின் ஹீட்டரை மெதுவாகத் தொடங்கி, உட்புறம் வெம்மையாகும்வரை காத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் பிடி தளரும். உள்ளங்கையால் கண்ணாடியின் ஓரங்களை மெல்லத் தட்டினால் மெல்லிய பனிப்படலம் உடையும். வெளிப்புறப் பனியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் அகற்றலாம். கத்தியும் கரண்டியும் கண்ணாடியைக் கீறும், ரப்பரைக் கிழிக்கும்.

கடைகளில் பனி நீக்கும் திரவம் கிடைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு பங்கும் நீர் ஒரு பங்கும் கலந்து ஓரங்களில் தெளித்தாலும் பனி இளகும். அது எளிதில் தீப்பற்றும் பொருள். ஆதலால் அதன் அருகே புகைபிடிப்பதோ நெருப்பைக் கொண்டுவருவதோ கூடாது.

வெந்நீர் ஊற்றுவதே பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. முன்கண்ணாடியில் முன்னரே சிறு கீறல் இருந்தால், திடீர் வெப்பத்தினால் அது விரிசலாக நீளும். பக்கக் கண்ணாடி அவ்வளவு எளிதில் உடையாது. ஆனால் ஊற்றிய நீர் பீடிங்கிற்குள் இறங்கிச் சிறிது நேரத்தில் முன்னைவிடக் கெட்டியாக உறைந்துவிடும். சுவிட்சை அழுத்தும்போது மோட்டார் சுழலும் ஓசை மட்டும் கேட்டுக் கண்ணாடி நகரவில்லையெனில், கம்பியோ பிடியோ முறிந்திருக்கலாம். அந்நிலையில் அத்துடன் நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை.

உயிரைக் காக்கும் ஓர் எச்சரிக்கை

இதுவரை கூறியது பொருட்சேதத்தைப் பற்றியது. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது.

2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் இரவு, பாகிஸ்தானின் மர்ரீ என்னும் மலைநகருக்குச் செல்லும் சாலையில், பனியைக் காண வந்த ஆயிரக்கணக்கான கார்கள் பெரும் பனிப்பொழிவில் சிக்கிக்கொண்டன. மறுநாள் விடிந்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களிலேயே இறந்துகிடந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் இச்சாவுகளுக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

எஞ்சின் புகையில் உள்ள இவ்வாயுவிற்கு மணமில்லை, நிறமில்லை. புகைபோக்கிக் குழாயைப் பனி மூடிவிட்டால், அது வெளியேற வழியின்றிக் காருக்குள் கசிந்துவிடும். உள்ளிருப்பவர் தூக்கம் வருவதாக எண்ணிக் கண்களை மூடுகின்றார், பின்னர் விழிப்பதில்லை. ஆகவே பனியில் சிக்கியவர்கள் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனி பெய்யப் பெய்ய மறுபடியும் அகற்ற வேண்டும். எஞ்சினை இடைவிடாது ஓடவிடாமல் சிறிது நேரம் இயக்கிச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். காற்று வீசாத பக்கத்தின் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைக்க வேண்டும். மூடிய கூடத்திற்குள் எஞ்சினை இயக்கிக் காரைச் சூடாக்குவது எந்நாளும் கூடாது. கதவு திறந்திருப்பினும் கூடாது.

இரண்டு விரற்கடை இறங்கும் கண்ணாடி! அந்நேரத்தில் அது உறைந்துபோய் அசைய மறுத்தால்? கண்ணாடியின் ஓரத்து ரப்பர் செம்மையாகப் பொருந்தியிருப்பதும், அதில் சிலிக்கான் பூசியிருப்பதும் அற்பக் காரியங்கள் அல்ல என்பது இப்போது புலனாகும்.

காணாத அயலான்

வல்லக்கோட்டை வட்டாரத்தின் ஆலையொன்றில் பீடிங்கைப் பொருத்தும் தொழிலாளி, அந்தக் காரில் பயணம் செய்யப்போகும் குடும்பத்தை ஒருபோதும் காணப்போவதில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கதவுகள் அவர் முன்னால் வந்து போகின்றன. ஓரிடத்தில் பட்டை சற்றே மடங்கியிருந்தாலும் வல்லக்கோட்டை வெயிலில் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். ஈராண்டுகள் கழித்து, எங்கோ ஒரு பனி இரவில் அந்த மடிப்பில் நீர் புகுந்து உறையும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது அது யாருடைய கை செய்த வேலை என்று கேட்பாரும் இரார், அறிவாரும் இரார். அவருடைய மனச்சான்றும் இறைவனுமே அங்கே சாட்சிகள்.

நல்ல சமாரியனுக்கு அடிபட்டவன் கண்ணெதிரே கிடந்தான். நம் தொழிலாளிக்கோ அயலான் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கின்றான். தெரியாதவனுக்காக ஒரு ரப்பர்ப் பட்டையை நேராக அழுத்திப் பொருத்துவதும் பிறரன்புச் செயலே என்பது நம் துணிபு. அதற்குக் காணிக்கைத் தட்டு இல்லை, கைதட்டல் இல்லை. ஆயினும் விண்ணகத்தில் அதற்குக் கணக்கு உண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1981-ஆம் ஆண்டில் புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைக் குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உழைப்பு மனிதனுக்காக உள்ளதேயன்றி மனிதன் உழைப்புக்காகப் படைக்கப்படவில்லை என்பதும், முதலீட்டைவிட உழைப்பே முதன்மையானது என்பதும் அம்மடலின் அடிப்படைப் போதனைகள். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, தான் பொருத்தும் பொருள் எங்கே செல்கின்றது, எதற்காக அத்தனை அளவுகள் என்று எவரும் எடுத்துரைக்காவிடில், அவரைக் கருவியாக நடத்துகின்றோம் என்பதே பொருள். உறக்கமற்ற கண்களிடமிருந்தும், நாளை வேலை உண்டோ இல்லையோ என்று அஞ்சும் உள்ளத்திடமிருந்தும் மயிரிழை பிசகாத வேலையை எதிர்பார்ப்பது நீதியாகாது. அவ்விளைஞரின் கேள்விக்கு விடை கிடைத்தபோது அவர் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். “அப்படியானால் எங்கள் வேலை அவ்வளவு தூரம் போகின்றதா, சுவாமி!” என்றார். தம் உழைப்பின் பொருளை அறிவது தொழிலாளியின் உரிமை. அதை அறிவிப்பது மேலாளர்களின் கடமை. அவர்களுள்ளும் நம் பங்கு மக்கள் உளர்.

தானியேல் ஆகமத்தில் எரிகின்ற சூளையில் எறியப்பட்ட மூன்று இளைஞர்களை நாம் அறிவோம். தீயின் நடுவே நின்று அவர்கள் பாடிய புகழ்ப்பாடலைத் திருச்சபை தன் காலைச் செபத்தில் இன்றும் பாடுகின்றது. அப்பாடலில் அவர்கள் நெருப்பை மட்டுமன்று, பனியையும், குளிரையும், உறைபனியையும் இறைவனைப் போற்றும்படி அழைக்கின்றார்கள். சூளைக்குள் நிற்பவர்கள் குளிரை நினைத்தார்கள்! தம்மைச் சுடும் துன்பத்திலும் தொலைவில் உள்ளவற்றை மறவாத உள்ளம் அது. கண்ணாடி உலைகளின் அருகிலும், தகரக் கூரைகளின் கீழும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் பொருத்தமான செபம் வேறு உண்டோ?

திருவருகைக் காலம் நெருங்குகின்றது. நம் வட்டாரத்தில் அது மழைக்காலம். பனி நாடுகளில் அது குளிரின் தொடக்கம். வெளிநாட்டில் பிள்ளைகளைக் கொண்டுள்ள பெற்றோர், இம்முறை அவர்களோடு பேசும்போது உணவையும் ஊதியத்தையும் விசாரிப்பதோடு, காரின் கண்ணாடி ஓரங்களைத் துடைத்துச் சிலிக்கான் பூசினார்களா, பனியில் புகைக்குழாயை அகழ்ந்துவிட ஒரு சிறு மண்வெட்டி வைத்திருக்கின்றார்களா என்றும் கேளுங்கள். ஆலைக்குச் செல்லும் பிள்ளைகளைக் கொண்டுள்ள பெற்றோர், அவர்கள் கைகளால் செய்யும் வேலை எத்தனையோ அறியாத குடும்பங்களைக் காக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். இரு சாராருக்காகவும் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள்.